கூரைக்குப் போகாத பல்

உட்காருங்கள். காப்பிதான் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்தும் எனக்குத் தேயிலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு பொருமும். துரைக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படுவார் என்று இத்தனை காலம் மறைத்து வைத்திருந்தேன். இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஆகிவிட்டபடியால் இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் நாகர்கோவில்காரர் என்று கேள்விப்பட்டேன். நல்லது. தமிழிலேயே பேசலாம், நடுவில் மொழிபெயர்க்க ஆள் வேண்டியதில்லை. அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது உங்களுக்குப் போகப்போகத் தெரியும்.

என் பெயர் முத்துசுவாமி. பூர்வீகம் பாலக்காட்டுக் கல்பாத்தி. இந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடிந்ததும் கூலி ஆட்களைப் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிறவன் நான்தான். இங்கே எல்லோருக்கும் நான் 'சாமி'. பூணூல் போட்டவனை அப்படிக் கூப்பிடுவது வழக்கம். சாமி செய்கிற வேலை எதையும் நான் செய்ததாக நினைவில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. பிள்ளைகளின் ஆயுசைக் கூட்டியிருக்கிறேன்.

கூலி ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் பிறக்கிற பிள்ளைக்கு ஜாதகம் கிடையாது, தேதியும் கிடையாது. 'பெரிய காத்து அடிச்ச வருசம்', 'மூத்தவளுக்கு அம்மை போட்ட மறு மாசம்' என்றுதான் தாய்மார்கள் சொல்வார்கள். அதை வருஷக் கணக்காக்கிப் பேரேட்டில் ஏற்றுவது என் வேலை. அந்தப் பேரேட்டில் சின்ன ஆள் பக்கம், பெரிய ஆள் பக்கம் என்று இரண்டு உண்டு. பெரிய ஆள் பக்கம் ஏறினால் கூலி கூடுதல். அதனால் தாய்மார்கள் என் ஜன்னலுக்கு வந்து, "சாமி, புள்ளைக்கு ரெண்டு வயசு கூட்டிப் போடுங்க" என்று நிற்பார்கள். நான் போடுவேன். என் மனசு இளகினது. தாய்ப்பால் இரண்டு வருஷம் எடுத்துக்கொள்கிற வேலையை என் பேனா இரண்டு நொடியில் முடித்துவிடும். இந்த மலையில் நான் அப்படி வளர்த்த பிள்ளைகள் இருநூறுக்குக் குறையாது. எங்கள் பெண் திரிபுரசுந்தரிக்கும் கல்யாணத்துக்காக ஒரு வயதைக் கூட்டித்தான் எழுதினேன். புதுச் சட்டம் பதினாலு கேட்டது. எனக்குக் கை பழகியிருந்தது.

சங்கையாவுக்கு மூன்று கூட்டினேன். அவன் ராமுத்தாயின் ஒரே மகன். தகப்பன் தொண்ணூற்றொன்பது வெள்ளத்தில் போய்விட்டான். கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் மலையையே கரைத்துக்கொண்டு போனதே, அந்த வெள்ளம்; பன்னிரண்டு வருஷமாகிறது. கொழுந்து கிள்ளுகிற ஒருத்தியின் கூலியில் இரண்டு வயிறு. நீங்களாயிருந்தாலும் கூட்டித்தான் போட்டிருப்பீர்கள்.

பையன் லாரி கழுவப் போனான். கழுவக் கழுவ லாரியும் அவனும் ஒன்றாகிவிட்டார்கள். எங்கள் லாரி தேயிலைப் பெட்டிகளைப் போடிமெட்டு வரை கொண்டுபோகும். மெட்டுக்குக் கீழே பொதிமாடுகள் சுமக்கும். ஓட்டிக்கொண்டிருந்த கோயமுத்தூர்க்காரருக்கு மலைக்காய்ச்சல் கண்டு அவர் ஊர் திரும்பினபோது, பெட்டிகள் தேங்கின. துரை கத்தினார். சங்கையா ஓட்டுவான் என்றார்கள். "அவனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா?" என்று துரை என்னைக் கேட்டார். பேரேட்டில் ஆகியிருந்தது. அதைத்தான் சொன்னேன்.

தேவிகுளத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அப்பழுக்கில்லாமல் ஓட்டினான். வயதுக்கு மட்டும் ஒரு காகிதம் வேண்டும் என்றார்கள். பதினெட்டு நிறைந்தவன் என்று எழுதி, கையெழுத்திட்டு, தோட்டத்து முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அவனுக்கு அப்போது பதினைந்து. கால் மிதிக்கு எட்ட வேண்டுமென்று முதுகுக்குப் பின்னால் சாக்கை மடித்து வைத்துக்கொள்வான்.

அந்த லைசென்ஸ் வந்த அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளில் அதைச் சுற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டான். யார் கேட்டாலும் பிரித்துக் காட்டுவான், கேட்காதவர்களுக்கும் காட்டுவான். அவன் பரம்பரையில் அவன் பேர் போட்டு அரசாங்கம் கொடுத்த முதல் காகிதம் அது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரையாவது கேலி செய்யாமல் எனக்குப் பொழுது விடியாது. பொதிமாட்டுக்காரன் பெரியமுத்துவையும் சங்கையாவையும் பிரட்டுக்களத்தில் முட்டவிட்டு வேடிக்கை பார்ப்பேன்.

"என்ன டிரைவர் ஐயா, நேத்து பெரியமுத்தோட மாடு உங்க லாரியை முந்திடுத்தாமே?"

"யாரு சொன்னது சாமி?"

"மாடே சொல்லித்து."

களமே சிரிக்கும். பெரியமுத்து சும்மா இருப்பானா? "ஏலே, லாரிக்கு மூக்கணாங்கயிறு வேணும்னா எங்கிட்டக் கேளு, தாரேன்" என்பான். பையனுக்குக் காது மடல் சிவந்துவிடும். ஒரு நாள் அவன் பழி வாங்கினான். களத்துக்கு மேலே இருக்கிற இறக்கத்தில் இஞ்சினை நிறுத்திவிட்டு, லாரியைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வந்து, பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த என் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி ஹாரனை அமுக்கினான். நான் துள்ளினதில் பேரேடு ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமும் போயின. மூக்குக்கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை. அன்றைக்கு நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். "இன்னொரு தரம் இப்படி வந்து காட்டு பார்க்கலாம்" என்றேன். அவன் தினமும் காட்ட ஆரம்பித்தான்.

மார்கழியில் ஒரு காலை, மெட்டுக்குப் போகிற இறக்கத்தில் இஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டிருக்கிறான். பெட்டிகளுக்கு மேலே ஆறு பேர் வேறு. மலைப்பாதையில் இஞ்சினை அணைத்து உருட்டக் கூடாது, பாரத்தின் மேல் ஆள் ஏற்றக் கூடாது, வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பக் கூடாது. மூன்றையும் ஒரே வளைவில் செய்தான். அந்த வளைவில் சுவக்கீன் என்கிற ரோட்டு வேலைக்காரர் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். லாரி வருகிற சத்தம் கேட்டால் எழுந்து ஒதுங்குவது அவர் வழக்கம். சத்தம் வரவில்லை.

அதிலிருந்து எனக்குச் சத்தத்தைப் பற்றிப் பயமில்லை. முதுகுக்குப் பின்னால் ஒன்றும் கேட்காமல் இருக்கும்போதுதான் திரும்பிப் பார்க்கிறேன். நீங்கள் வந்தபோதுகூடப் பார்த்தேன். கவனித்திருப்பீர்கள்.

சட்டப் புஸ்தகத்தைப் புரட்டத் தெரிந்தவன் தோட்டத்தில் நான் ஒருவன். அன்றைக்கே புரட்டினேன். பையன் பதினெட்டு நிறைந்தவன் என்றால் ஜெயில். லைசென்ஸும் சில வருஷத்துக்குப் பறிபோகும். பதினைந்து வயதுப் பிள்ளை என்று தெரிந்தாலோ, அந்த லைசென்ஸ் முதலிலிருந்தே செல்லாது. பையனுக்குப் பிரம்பால் நாலு அடி. 'ஒழுங்காக வளர்' என்று தாயிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அதோடு போகாது. செல்லாத லைசென்ஸுக்குப் பொய்க் காகிதம் கொடுத்தவன் யார் என்று கேள்வி வரும். அதில் தோட்டத்து முத்திரை இருக்கும், முத்திரைக்கு மேலே முத்துசுவாமி இருப்பான். தை மாதம் என் பெண்ணுக்குக் கல்யாணம்.

இரண்டு பேரில் ஒருவர் போகவேண்டும் என்று வந்துவிட்டது. நான் எல்லாக் கோணத்திலும் யோசித்தேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு, இரத்தக்கொதிப்பு. ஜெயிலை நான் தாங்க மாட்டேன். அவன் சின்னப் பிள்ளை, தாங்குவான். இது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் அதில் கணக்குப் பிசகு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தேவிகுளத்துக்குப் போய் அவனை லாக்கப்பில் பார்த்தேன். கம்பிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"சாமி, அந்தப் பெரியவரு செத்துப் போனாராமே. நெசமா?"

"நிஜந்தான்டா."

"என்னைய என்ன செய்வாக?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள், "லைசென்ஸைப் புடுங்கிக்கிட்டாக சாமி. திருப்பித் தருவாகளா?" என்றான்.

அங்கேதான் எனக்கு வழி தெரிந்தது. நான் சட்டத்தை அவனுக்குச் சொன்னேன். இரண்டு பாதியையும் சொன்னேன். கொஞ்சம் இடம் மாற்றிச் சொன்னேன். "சங்கையா, நீ பதினெட்டு ஆனவன்னா கொஞ்ச காலம் லைசென்ஸை வாங்கி வெச்சுண்டு திருப்பிக் குடுப்பா. பதினஞ்சுன்னு தெரிஞ்சா உனக்கு ஆயுசுக்கும் லைசென்ஸ் கிடையாது. ஸ்டீரிங்கைத் தொட முடியாது. பெரியமுத்தோட மாட்டைத்தான் மேய்க்கணும்."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "அப்ப எனக்குப் பதினெட்டு சாமி," என்றான். "அம்மாகிட்டயும் சொல்லிருங்க."

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்லத் தெரியாதவர்களுக்குப் பொய்யைக் கற்றுக்கொடுப்பது பாவம்.

கேஸ் விசாரணைக்கு வந்த அன்று பட்டுவின் மைச்சிமிழை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். பட்டு என் சம்சாரம். கோர்ட்டுக்கு வெளியே போலீஸ்காரரிடம் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு, பையனின் மேலுதட்டில் பூனைமயிர் இருந்த இடத்தில் விரலால் மையைத் தடவினேன். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். கூத்துக்கு வேஷம் கட்டுகிற மாதிரி இருந்ததில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதடா, மீசை கோணும்" என்றேன்.

கொஞ்சம் தள்ளி சுவக்கீனின் பெஞ்சாதி அன்னாள் உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு, மடியில் ஜெபமாலை. அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். சாபம் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். "இந்தப் பச்சப்புள்ளையா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அன்றைக்கு அங்கே இருந்த அத்தனை பேர் கண்ணுக்கும் அவன் பச்சைப்பிள்ளைதான். காகிதத்துக்கு மட்டும்தான் பதினெட்டு.

மாஜிஸ்திரேட் கடற்கரைப் பக்கத்து மலையாளி, மலைக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகவில்லை. தமிழ் மொழிபெயர்க்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். இரண்டு பாஷையும் தெரிந்து, கோட்டும் போட்டிருந்தவன் நான் ஒருவன். என்னையே நிற்கச் சொன்னார்கள். நானாகக் கேட்கவில்லை, அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் பையனையே வெகுநேரம் பார்த்தார். "இவன் குட்டியல்லே?" என்று கேட்டார். என் காகிதத்தைக் காட்டினார்கள். அவருக்குத் திருப்தி இல்லை. அவனுடைய அம்மா வந்திருக்கிறாளா, அவள் சொல்லட்டும் என்றார். ராமுத்தாய் சாட்சிக் கூண்டில் ஏறினாள். வயது எத்தனை என்று நான் கேட்டேன். அவள் கேள்வி கேட்ட என்னைத்தான் பார்த்துச் சொன்னாள். என்னிடம்தானே அவள் எதையும் சொல்லிப் பழக்கம்.

"வருசம் எனக்கு எண்ணத் தெரியாது சாமி. அந்த வெள்ளத்தன்னைக்குத்தான் இவனுக்கு முதல் பல்லு விழுந்துச்சு. முன்பல்லு. சாணியில பொதிஞ்சு கூரை மேல எறிடான்னு கையில குடுத்தேன். மேட்டுல ஒதுங்கியிருந்து எறங்கி வந்து பாத்தா, எறியறதுக்குக் கூரை இல்ல. லயத்தையே தண்ணி கொண்டுபோயிருச்சு. அவுக அப்பனையுந்தான். பல்லைக் கையில வச்சுக்கிட்டு, எங்கம்மா எறியன்னு கேட்டான். நான் என்னத்தைச் சொல்ல? வாங்கி முந்தியில முடிஞ்சு வச்சேன். இந்தா இருக்கு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். மஞ்சள் துணித் துண்டில் ஒரு பால் பல். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது.

முதல் பல் ஆறு வயதில் விழும். வெள்ளம் நடந்து அப்போது ஒன்பது வருஷம் என்பது கோர்ட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பல்லைப் பார்த்தால் யாரும் விரல் விட்டு எண்ணிவிடலாம். மாஜிஸ்திரேட் முன்னால் குனிந்து, "அது எந்தா?" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். வெள்ளத்தின்போது தன் மகன் வேலைக்குப் போகிற பருவம் என்று இவள் சொல்கிறாள். கூரை மேலிருந்து ஆட்களை இறக்கிவிட்டானாம். கையில் இருப்பது இவர்கள் குலதெய்வத்தின் பொருள். அதன் மேல் சத்தியம் செய்கிறாள் என்றேன். நல்ல மலையாளம். கல்பாத்தி மலையாளத்தில் ஒரு தெளிவு உண்டு.

சத்தியம் என்றதும் அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். தெய்வத்தின் பொருளைக் கை நீட்டி வாங்கிப் பார்ப்பது முறையில்லை என்று நினைத்திருப்பார். மரியாதை தெரிந்த மனுஷர். எழுதிக்கொண்டார்.

இதில் ராமுத்தாய்க்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பையனுக்கு மலையாளம் நன்றாகப் புரியும். எதிர்க் கூண்டிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அவன் லைசென்ஸை நான் காப்பாற்றிவிட்டேன் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

ஒன்றரை வருஷம் கடுங்காவல். லைசென்ஸ் மூன்று வருஷத்துக்கு ரத்து. சிவப்பு மையில் அதன் முதுகில் எழுதினார்கள். கூட்டிக்கொண்டு போகும்போது அவன் ஜெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. "மூணு வருசம் போனாக் கையில வந்துரும்ல சாமி?" என்றான். வியர்வையில் மீசை ஒரு பக்கம் கரைந்து வாயோரம் இறங்கியிருந்தது. "வந்துடும்" என்றேன். ராமுத்தாய் என் காலில் விழுந்து, "எம்மவனுக்காக எம்புட்டுப் பேசுனீக சாமி" என்று அழுதாள். நான் அவளைத் தூக்கி நிறுத்தினேன். அழுகையைப் பார்த்தால் எனக்கும் அழுகை வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் பட்டு கேட்டாள். "என்னோட மைச்சிமிழ் எங்கே?"

"கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன்."

"கோர்ட்டுக்கு மை என்னத்துக்கு? அவாகிட்ட எழுதறதுக்கு மசி இல்லையாக்கும்?"

"எழுதறதுக்குத்தான். அந்தப் பிள்ளையோட உதட்டுல."

அவள் சிமிழைத் திறந்து பார்த்தாள். என் விரல் தடம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவள் கண்ணுக்கு மை இட்டு நான் பார்க்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. சித்திரையில் ஜெயிலிலிருந்து தோட்டத்துக்கு ஒரு கடிதம் வந்தது. காய்ச்சல், மூன்று நாள் படுக்கை, இன்ன தேதியில் மரணம். வெயில் காலத்தில் கீழ்நாட்டுக் காய்ச்சல் இந்த மலைப் பிள்ளைகளுக்குத் தாங்காது. அதை நான் யோசித்திருக்க வேண்டும்; யோசிக்கவில்லை. என்னிடம் உள்ள குறை அது ஒன்றுதான்.

கடிதம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் ராமுத்தாய் கொழுந்துக் கூடையோடு ஓடிவந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள். மலையாளக் கடிதம், அரசாங்க முத்திரை. "என்ன சாமி போட்டிருக்கு?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வாய் வரவில்லை. "சௌக்கியமா இருக்கானாம்" என்றேன். "உன்னை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லியிருக்கான்." அவள் அந்தக் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். இன்னும் அவள் பெட்டியில் இருக்கிறது. நீங்கள் கேட்டால் தருவாள்.

"அவளண்ட சொல்லிட்டேளா?" என்று பட்டு கேட்டாள்.

"சொல்றேன். சித்தெ தேறட்டும்."

"செத்தவன் எங்கேயாவது தேறுவானோ?"

"அவள் தேறட்டும்னேன்."

திரிபுரசுந்தரியின் பிரசவத்துக்கென்று கல்பாத்திக்குப் போன பட்டு திரும்பி வரவில்லை. பிள்ளை பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டது. நானும் வற்புறுத்தவில்லை. இந்தக் குளிர் அவளுக்கு ஆகாது.

மாதம் ஒரு கடிதம் என்று வைத்துக்கொண்டேன். முதலில் கஷ்டமாக இருந்தது. பேனாவை எடுத்தால் என் பேச்சுதான் வரும். ஐந்தாறு கடிதத்துக்குப் பிறகு நான் யோசிப்பதேயில்லை, அவனாகச் சொல்லுவான். தண்டனைக் காலம் முடிகிற சமயம் என்ன செய்வதென்று எனக்கே தெரியாமல் இருந்தபோது அவன்தான் வழி சொன்னான்: "அம்மா, கீழே ஒரு மோட்டார்ப் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் மலை ஏறினால் பெரியமுத்து சிரிப்பான். மூன்று வருஷமும் கழியட்டும், லாரியோடு வருகிறேன்." படித்துக் காட்டினபோது அவளே சிரித்துவிட்டாள். "அவனேதான் சாமி. அப்படியே அவன் பேச்சு" என்றாள். ஒரு தடவை 'வெள்ளைக் கோழி அடைக்கு உட்கார்ந்ததா' என்று என் கை எழுதிவிட்டது. அவளிடம் கோழி இருப்பதே எனக்குத் தெரியாது. "முந்தாநாள்தான் ஒக்காந்துச்சு, இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே போனாள். அன்றிலிருந்து எழுதும்போது நான் கதவைச் சாத்துவதில்லை.

பேரேட்டில் அவன் பெயரை அடிக்கவில்லை. அடித்தால் காரணம் எழுத வேண்டும். காலையில் பிரட்டில் பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தால் நாக்கு தானாக 'சங்கையா' என்று சொல்லிவிடும். மூடுபனியில் எதிரே நிற்பவர்கள் வெறும் கறுப்புத் திட்டுகள். யார் முகமும் தெரியாது. ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த பெயருக்குத் தாண்டப் போகும்போது பனிக்குள்ளிருந்து "இருக்கேன் சாமி" என்று சத்தம் வந்தது. பேரேடு கையிலிருந்து விழுந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. ராமுத்தாய் முன்னால் வந்து அதை எடுத்துக் கொடுத்தாள். "நாந்தான் சாமி சொன்னேன். அவன் பேரை விட்டுறாதீக. வந்ததும் வேலை இருக்கணும்ல" என்றாள். அதற்குப் பிறகு தினமும் கூப்பிடுகிறேன். தினமும் இருக்கிறான்.

தீபாவளிக்குச் சேலை வாங்கி, அவன் அனுப்பினதாகக் கொடுத்தேன். பச்சையில் சிவப்புக் கரை. மகனுடைய சம்பாத்தியம் என்று அதைக் கட்டிக்கொண்டு லயம் லயமாகப் போய்க் காட்டினாள். சொல்லுங்கள், உயிரோடு இருக்கிற எத்தனை பிள்ளைகள் மாதம் தவறாமல் தாய்க்கு எழுதுகிறார்கள்? சங்கையா அவளுக்கு ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

போன வாரம் மூன்று வருஷம் முடிந்தது. எனக்கு நாள் கணக்கு மறந்திருந்தது, அவளுக்கு மறக்கவில்லை. வருஷம் எண்ணத் தெரியாதவள் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கதவு நிலையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். லைசென்ஸைத் திருப்பிக் கேட்டு மனு எழுதிக் கொடுங்கள் என்றாள். கொஞ்சம் பொறு என்றேன். எனக்கு எதற்கு வீண் சிரமம் என்று அவளே பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு தேவிகுளத்துக்கு நடந்து போய்விட்டாள். அங்கே ரிஜிஸ்தரைப் புரட்டிய குமாஸ்தா அவன் பெயருக்கு எதிரே எழுதியிருப்பதைப் படித்திருக்கிறார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர். அவளிடம் சொல்ல வாய் வராமல், "திங்கட்கிழமை வா" என்று அனுப்பிவிட்டு உங்களிடம் சொல்லியிருக்கிறார். பார்த்தீர்களா, அவரால் ஒரு நாள்கூடச் சமாளிக்க முடியவில்லை. நான் மூன்று வருஷம் சமாளித்திருக்கிறேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பொய்க் காகிதம் கொடுத்தது நான். பையனுக்குச் சட்டத்தைப் புரட்டிச் சொன்னது நான். மீசை வரைந்தது நான். பல்லைத் தெய்வமாக்கியதும் நான். அவனைக் கொன்றது காய்ச்சல் என்று ஜெயில் டாக்டர் எழுதியிருக்கிறார். அதையும் நானே என்று போட்டுக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

கிளம்பலாம். ஒரு சின்ன உபகாரம் மட்டும். அதோ, வேலியோரம் பச்சைச் சேலை தெரிகிறதே, அவள்தான். இன்றைக்கு அவளுக்குக் கடிதம் வருகிற நாள். எழுதி வைத்துவிட்டேன். லைசென்ஸைத் தபாலிலேயே அனுப்பிவிட்டார்களாம், சங்கையாவுக்கு மதராஸில் பெரிய லாரிக் கம்பெனியில் வேலையாம், தூரம் என்பதால் அடிக்கடி வர முடியாதாம். நன்றாக வந்திருக்கிறது. இரண்டு நிமிஷத்தில் படித்துக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன். நீங்கள் இங்கேயே இருங்கள். காக்கியைக் கண்டால் பயந்துவிடுவாள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்களே சொல்லிவிடுவதாக இருந்தால், வேண்டாம். பாவம், அவளுக்கு இந்த மலையில் நம்பிக்கையான மனுஷன் என்று என்னைவிட்டால் வேறு யாரும் கிடையாது.